உற்பத்திக் கட்டங்களை மென்பொருளில் அமைப்பது எப்படி?

தொழிற்சாலை மேலாண்மை மென்பொருளை நிறுவும்போது முதலில் நிரப்ப வேண்டிய பட்டியல்களில் ஒன்று உற்பத்திக் கட்டங்களின் பட்டியல். பார்ப்பதற்கு எளிய வேலையாகத் தோன்றுவதால், பெரும்பாலும் ஒருவர் அலுவலக மேசையில் அமர்ந்து வெட்டுதல், வளைத்தல், பற்றவைத்தல், பூச்சு, பொருத்துதல், பேக்கிங் என்று துறைகளின் பெயர்களை வரிசையாகத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார். திட்டமிடல், இருப்புக் கணக்கு, செலவுக் கணக்கு, தர ஆய்வு, வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதி ஆகிய அனைத்தும் பின்னர் அந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கப்போகின்றன. அதனால் இந்தப் பட்டியலுக்குக் கொடுக்கும் நேரம் எதுவும் வீணாகாது.

கட்டங்களை அமைப்பதில் பெயர்களைவிட எல்லைகளே முக்கியம் என்பது இந்த வழிகாட்டி முழுவதும் ஓடும் கருத்து. ஒரு கட்டம் எந்த நொடியில் முடிந்ததாகக் கொள்ளப்படும், அதை யார் அறிவிப்பார், அப்போது எத்தனை எண்ணிக்கை நல்ல பொருளாக ஏற்கப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தயக்கமில்லாத விடை இருந்தால் மட்டுமே அந்தக் கட்டம் உண்மையானது. விடை இல்லாத கட்டம் திரையில் ஒரு கட்டமாகத் தெரியும். அதில் பதிவாகும் எண்களை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. விளக்கத்துக்காக, தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வேதிக் கரைசலில் கழுவி, பவுடர் பூச்சுப் பூசி, உலையில் வேகவைத்து, பொருத்திப் பேக் செய்யப்படும் ஓர் உலோகப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம். எழும் கேள்விகள் மாறுவதில்லை.

முதலில் தளத்தில் நடந்து பாருங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் உற்பத்தித் தளத்தில் ஒரு முறையாவது முழுமையாக நடக்க வேண்டும். அந்த நடையைத் தொடக்கத்திலிருந்து தொடங்காமல் கடைசியிலிருந்து, அதாவது பொருள் வண்டியில் ஏறும் இடத்திலிருந்து பின்னோக்கித் தொடங்குவது நல்லது. முன்னோக்கி நடக்கும்போது உடன் வருபவர் வேலை எப்படி நடக்க வேண்டுமோ அப்படிச் சொல்லிக்கொண்டே வருவார். பின்னோக்கி நடக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் ‘இது எங்கிருந்து இங்கே வந்தது, யார் கொண்டுவந்தார், வந்தபோது எண்ணினீர்களா?’ என்று கேட்க நேர்வதால், உண்மையில் என்ன நடக்கிறதோ அது வெளிப்படும்.

நடக்கும்போது இயந்திரங்களை விடப் பொருள் தேங்கி நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே தட்டுகளில் அடுக்கப்பட்ட பாகங்கள், சுவரோரம் சிவப்பு அட்டை கட்டி வைக்கப்பட்ட பாகங்கள், பூச்சுக் கம்பியில் தொங்கக் காத்திருக்கும் பாகங்கள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அடையாளம். பொருள் ஏன் அங்கே நிற்கிறது, எது நடந்தால் அங்கிருந்து நகரும், நகர்த்த உரிமை உள்ளவர் யார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் ஷிப்டில் கேட்ட அதே கேள்விகளை இரவு ஷிப்டிலும் கேட்பது அவசியம். சூப்பர்வைசர்களும் தர ஆய்வாளர்களும் குறைவாக இருக்கும் நேரத்தில் பொருள் வேறு வழியில் நகர்வது வழக்கம், மென்பொருள் அந்த நேரத்துக்கும் பொருந்த வேண்டும்.

எதைக் கட்டமாகக் கொள்வது?

இந்த இடத்தில்தான் அதிகமான குழப்பம் நேர்கிறது. துறை, பணியிடம், கட்டம், நிலை ஆகிய நான்கும் வெவ்வேறானவை. துறை என்பது யார் யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்பதைச் சொல்லும் நிர்வாகப் பிரிவு. பணியிடம் என்பது வேலை நடக்கும் இயந்திரம், மேசை அல்லது இயந்திரத் தொகுதி. கட்டம் என்பது பொருளின் மேல் நடக்கும் வேலை. நிலை என்பது அந்த வேலை காத்திருக்கிறதா, தொடங்கியதா, இடையில் நின்றிருக்கிறதா, முடிந்ததா என்பதைச் சொல்லும் குறிப்பு. தளத்தில் மூன்று வெட்டு இயந்திரங்கள் இருந்தால் மூன்று பணியிடங்களும் ஒரே ஒரு கட்டமும் இருக்க வேண்டும். வேலையை எந்த இயந்திரத்தில் ஏற்றுவது என்பது அன்றைய நாளின் முடிவு, அது வேலையின் வரிசையை மாற்றுவதில்லை. அதேபோல ‘மூலப்பொருள் வரவில்லை’, ‘ஆய்வாளருக்காகக் காத்திருப்பு’ என்பவற்றைக் கட்டங்களாகச் சேர்த்துவிட்டால், அவை எந்தக் கட்டத்திலும் நேரக்கூடியவை என்பதால் பட்டியல் கட்டுக்கடங்காமல் வளரும். அவற்றை நிறுத்தக் காரணங்களாகப் பதிவு செய்யுங்கள்.

ஒரு வேலையைத் தனிக் கட்டமாகப் பிரிக்கலாமா என்று ஐயம் எழுந்தால் நான்கு சோதனைகள் உதவும். பொருளுக்குப் பொறுப்பானவர் அங்கே மாறுகிறாரா? பொருள் அங்கே எண்ணப்படுகிறதா அல்லது எண்ணப்பட முடியுமா? வேறு வகை இயந்திரமோ வேறு திறனோ தேவைப்படுகிறதா? அங்கே ஏற்பதா, தள்ளுவதா என்ற முடிவு எடுக்கப்படுகிறதா? நான்கில் இரண்டுக்காவது ஆம் என்று விடை வந்தால் அதைத் தனிக் கட்டமாக வையுங்கள்; ஒன்றுக்கும் இல்லை என்றால் முன்னுள்ள கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். நம் உலோகப் பெட்டியில் கழுவுதல், பூசுதல், உலையில் வேகவைத்தல் ஆகிய மூன்றும் ஒரே தொடர்சங்கிலியில் தொங்கியபடி, ஒரே குழுவின் கையில், நடுவே எண்ணப்படாமல் ஓடுகின்றன என்றால், அவை மூன்றும் சேர்ந்து ஒரு கட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு கேட்டால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று முறை பொத்தானை அழுத்துவார். மூன்று பதிவுகளும் ஒரே நிமிடத்தில் விழும். அந்த எண்களால் யாருக்கும் பயனில்லை. மாறாக, கழுவுதல் தனித் தொட்டியில் நடந்து, பாகங்கள் தட்டில் எடுத்துவைக்கப்பட்டுப் பிறகு பூச்சுக்குப் போகின்றன என்றால், பிரிப்பது கட்டாயம். கழுவிய இரும்பு நீண்ட நேரம் திறந்தவெளியில் கிடந்தால் மேற்பரப்பில் துரு ஏறத் தொடங்கும் என்பதால், இரு வேலைகளுக்கும் நடுவே கழிந்த நேரம் தரத்தைத் தீர்மானிக்கும் செய்தியாகிவிடுகிறது.

கட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய கட்டங்களாக வைத்துக்கொண்டு, ஒரு கேள்விக்கு விடை கிடைக்காதபோது மட்டும் பிரிப்பது எளிது. நுணுக்கமாகப் பிரித்துவிட்டுப் பிறகு சேர்ப்பது கடினம். அதற்குள் தளத்தில் உள்ளவர்கள் பதிவு செய்வதையே சடங்காகக் கருதப் பழகியிருப்பார்கள்.

மென்பொருளின் சொற்கள்

ஒவ்வொரு மென்பொருளும் இந்தக் கருத்துகளுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறது. இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளில் கட்டம் ‘ஆபரேஷன்’ என்றும், பணியிடம் ‘வொர்க்ஸ்டேஷன்’ என்றும், கட்டங்களின் வரிசை ‘ரூட்டிங்’ என்றும் வரும். ‘வொர்க் ஆர்டர்’ எனப்படும் பணி ஆணையிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ‘ஜாப் கார்டு’ உருவாகும். ஓடூ மென்பொருளில் கட்டங்கள் பொருள் பட்டியலுக்குள்ளேயே, அதாவது ஒரு பொருளைச் செய்யத் தேவையான பாகங்களின் பட்டியலுக்குள்ளேயே, எழுதப்படுகின்றன. உற்பத்தி ஆணையை உறுதி செய்தவுடன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ‘வொர்க் ஆர்டர்’ பிறக்கிறது. ஒரே ‘வொர்க் ஆர்டர்’ என்ற சொல் முன்னதில் முழு ஆணையையும் பின்னதில் ஒரு கட்டத்தின் வேலையையும் குறிப்பதால், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் தங்கள் பயிற்சிக் குறிப்புகளில் இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்காமல் 10, 20, 30 என்று கொடுங்கள். பின்னாளில் வெட்டுக்கும் வளைப்புக்கும் நடுவே பிசிறு நீக்குதல் என்று ஒரு வேலை வந்தால், மற்ற எண்களைக் கலைக்காமல் 15 என்று செருகிவிடலாம். பெயர்கள் தளத்தில் பேசப்படும் சொற்களாகவே இருக்கட்டும். வேலை செய்பவர் வளைத்தலை ‘பெண்டிங்’ என்று சொல்லும்போது திரையில் வேறொரு சொல் வந்தால் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கணம் தயங்குவார்.

எல்லைகளை எழுதிவையுங்கள்

கட்டங்களின் பட்டியல் தயாரானதும், ஒவ்வொன்றுக்கும் நுழைவு நிபந்தனையையும் வெளியேறும் நிபந்தனையையும் ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். ‘பற்றவைப்பு முடிந்தது’ என்று எழுதினால் போதாது. ‘பற்றவைத்த பெட்டி தட்டி ஆறவைக்கப்பட்டு, நான்கு மூலைகளும் அளவுக்கருவியில் பொருந்தி, எண்ணப்பட்டு, கழுவும் தொட்டியருகே உள்ள தட்டில் வைக்கப்பட்டவுடன் பற்றவைப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும், பற்றவைப்புக் குழுவின் மூத்தவர் பதிவு செய்வார்’ என்று எழுத வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத உட்காரும்போதுதான், இரண்டு குழுக்களுக்கு நடுவே கிடக்கும் பாகங்கள் யாருடைய கணக்கில் உள்ளன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்பது தெரியவரும். அந்த விவாதம் மென்பொருள் ஓடத் தொடங்கும் முன்பே நடந்து முடிவது நல்லது. பின்னால் அது மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு ஒத்துப்போகாத நாளில்தான் நடக்கும். அப்போது யாரும் பொறுமையாகப் பேச மாட்டார்கள்.

எல்லை ஒரே நேரத்தில் ஒருவருடைய கையில் மட்டும் இருக்க வேண்டும். முன் கட்டத்தினர் ‘அனுப்பினேன்’ என்றும் பின் கட்டத்தினர் ‘பெற்றேன்’ என்றும் இரண்டு பதிவுகள் செய்யும் முறை கேட்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் எல்லா எல்லைகளிலும் அதை வைத்தால் பதிவு வேலை இரட்டிப்பாகி, பெற்றவர் எண்ணாமலேயே ஒப்புக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். விலையுயர்ந்த பாகங்கள், கட்டடம் மாறும் இடங்கள், வெளியாரிடம் போய் வரும் வேலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் இருமுனைப் பதிவை வையுங்கள். மற்ற இடங்களில் முன் கட்டத்தின் முடிவே பின் கட்டத்தின் தொடக்கத் தகுதியாக இருக்கட்டும்.

அடுத்து, முழு ஆணையும் முடிந்த பிறகுதான் அடுத்த கட்டம் தொடங்கலாமா என்ற அமைப்பைக் கவனமாகப் பாருங்கள். 200 பெட்டிகளுக்கான ஆணையில் வெட்டும் வேலை 50 பெட்டிகளுக்கு முடிந்தவுடனேயே வளைக்கத் தொடங்குவது தளத்தில் இயல்பு. மென்பொருளோ முன் கட்டம் முழுவதும் முடியாமல் பின் கட்டத்தைத் திறக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைக்கும் இயந்திரக்காரர் நான்கு மணி நேரம் சும்மா நிற்க மாட்டார். வெட்டும் வேலை 200-க்கும் முடிந்ததாக ஒருவர் பொய்யாகப் பதிவு செய்துவிடுவார். தளத்தில் நுழையும் தவறான தரவுகளில் பெரும்பகுதி சோம்பலால் வருவதில்லை; மெய்யைப் பதிவு செய்ய மென்பொருள் இடம் தராததால் வருகிறது. ஆகவே எத்தனை எண்ணிக்கையாகப் பொருள் நகர்கிறதோ அதையே ஒரு முறை நகர்த்தும் தொகுதியாக வைத்து, ‘இதுவரை முடிந்த எண்ணிக்கை அளவுக்கு அடுத்த கட்டம் தொடங்கலாம்’ என்ற விதியை அமையுங்கள். முன் கட்டத்தில் நல்லதாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைப் பின் கட்டத்தின் எண்ணிக்கை தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும்.

தர ஆய்வைத் தனிக் கட்டமாக வைப்பதா, கட்டத்தின் வெளியேறும் நிபந்தனையாக வைப்பதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பொருள் வேறோர் இடத்துக்குப் போய், வேறொருவரால், தனிக் கருவியால் சோதிக்கப்படுகிறது என்றால் அது தனிக் கட்டம். அங்கே வரிசை உண்டு, காத்திருப்பு உண்டு, அவை அளக்கப்பட வேண்டும். இயந்திரக்காரரே தன் இடத்தில் முதல் துண்டை அளந்து பார்ப்பது வெளியேறும் நிபந்தனை. அதற்கு அளவுகளைப் பதியும் சிறு படிவம் ஒன்றை அந்தக் கட்டத்தோடு இணைத்தால் போதும்.

நேரங்களைப் பிரித்துக் கொடுங்கள்

பல அமைப்புகளில் ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நேரம் மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். அந்த ஒற்றை எண்ணுக்குள் நான்கு வெவ்வேறு நேரங்கள் கலந்திருப்பதால் திட்டமிடல் தொடர்ந்து பிசகும். இயந்திரத்தைத் தயார்செய்யும் நேரம், ஒவ்வொரு துண்டுக்கும் ஓடும் நேரம், வரிசையில் காத்திருக்கும் நேரம், அடுத்த இடத்துக்கு நகர்த்தும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுங்கள். முதல் இரண்டும் இயந்திரத்தின் திறனைப் பயன்படுத்துகின்றன. பின் இரண்டும் பொருளின் பயண நாட்களை மட்டும் நீட்டுகின்றன. வளைக்கும் இயந்திரத்தைத் தயார்செய்ய 40 நிமிடமும் ஒரு துண்டுக்கு 1.5 நிமிடமும் ஆகின்றன என்றால், 200 துண்டுகளுக்கு 340 நிமிடம் தேவை. அதே ஆணையை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் ஓட்டினால் 380 நிமிடம் தேவை. ஒரு துண்டுக்கு 1.7 நிமிடம் என்று சராசரி எண்ணைக் கொடுத்துவைத்தால் இந்த வேறுபாடு மென்பொருளுக்குத் தெரியாது. சிறிய ஆணைகள் எல்லாம் காகிதத்தில் லாபமாகவும் தளத்தில் தாமதமாகவும் முடியும்.

உலை போன்ற தொகுதி வேலைகளுக்குத் துண்டு நேரமே பொருந்தாது. ஒரு முறைக்கு 40 பெட்டிகள் ஏற்றக்கூடிய உலையில் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் ஆகும் என்றால், 200 பெட்டிகளுக்கு ஐந்து சுற்றுகள், 100 நிமிடம். 201 பெட்டிகளுக்கு ஆறு சுற்றுகள், 120 நிமிடம். ஒரு பெட்டிக்கு அரை நிமிடம் என்று கொடுத்தால், ஒரே ஒரு பெட்டியை அரை நிமிடத்தில் வேகவைத்துவிடலாம் என்று மென்பொருள் திட்டமிடும். பணியிட அமைப்பில் தொகுதி அளவு என்ற புலம் இருந்தால் அதைக் கட்டாயம் நிரப்புங்கள்; இல்லாவிட்டால், ஆணைகளின் எண்ணிக்கையே உலையின் கொள்ளளவின் மடங்காக வரும்படி விதி வையுங்கள்.

பணியிடத்தின் திறனைக் கொடுக்கும்போது ஷிப்டின் முழு நேரத்தையும் எழுதிவிடாதீர்கள். 480 நிமிட ஷிப்டில் இடைவேளைகளுக்கும் சுத்தம் செய்வதற்கும் 60 நிமிடம் போனால் 420 நிமிடம் மிஞ்சும். அதில் உண்மையாக 85 சதவீதம் வேலை நடக்கிறது என்றால் 357 நிமிடம்தான் திட்டத்துக்குக் கிடைக்கும். அந்தச் சதவீதத்தைச் சில வாரங்களின் பதிவுகளிலிருந்து எடுக்க வேண்டும்.

நேரங்கள் சரியாக அமைந்திருக்கின்றனவா என்று சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் அமைப்பின் உள்ளே சராசரியாக நிற்கும் பொருளின் எண்ணிக்கை, அதிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் எண்ணிக்கையையும் ஒரு பொருள் உள்ளே செலவிடும் சராசரி நாட்களையும் பெருக்கினால் வரும் தொகைக்குச் சமம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய இந்த விதி, வரத்தும் வெளியேற்றமும் நீண்ட காலச் சராசரியில் சமமாக இருக்கும் எந்த அமைப்புக்கும் பொருந்தும். தளத்தில் சராசரியாக 600 பெட்டிகள் பாதி வேலையில் நிற்கின்றன, நாளொன்றுக்கு 120 வெளியேறுகின்றன என்றால், ஒரு பெட்டி சராசரியாக 5 நாட்கள் உள்ளே இருக்கிறது. உங்கள் கட்டங்களில் கொடுத்த நேரங்களைக் கூட்டினால் 2 நாட்கள்தான் வருகின்றன என்றால், மீதி 3 நாட்கள் எந்தக் கட்டத்திலும் எழுதப்படாத காத்திருப்பாக ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலும் அது ஒரே ஒரு கட்டத்தின் முன்னால்தான் குவிந்திருக்கும். தளத்தின் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும் அந்த இடத்தின் பதிவுகள் மட்டுமாவது நிமிடக் கணக்கில் துல்லியமாக இருக்க வேண்டும்.

குறைபாடும் மறுபணியும்

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மூன்று எண்ணிக்கைகள் கேட்கப்பட வேண்டும்: நல்லது, மறுபணிக்கு உரியது, கழிவு. நல்ல எண்ணிக்கை மட்டும் கேட்டால், நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் உள்ள வேறுபாடு எங்கே போனது என்று தெரியாமலே போகும். மூன்றின் கூட்டுத்தொகையும் நுழைந்த எண்ணிக்கையும் சமமாக இருந்தால்தான் ஆணையை மூடலாம் என்ற விதியை மென்பொருளில் வையுங்கள்.

கழிவு விகிதங்கள் தனித்தனியே சிறியவையாகத் தெரிந்தாலும் பெருகிச் சேரும். வளைப்பில் 97, பற்றவைப்பில் 98, பூச்சில் 95 சதவீதம் நல்லதாக வந்தால், மூன்றையும் தாண்டி வருவது ஏறத்தாழ 90.3 சதவீதம், 1000 நல்ல பெட்டிகள் வேண்டுமென்றால் 1108 தகடுகளை வெட்டத் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கை மென்பொருள் தானாகச் செய்ய வேண்டுமானால் விகிதம் கட்டம்வாரியாக இருக்க வேண்டும். முழுப் பொருளுக்கும் ஒரே கழிவு விகிதம் கொடுத்தால், கடைசிக் கட்டத்தில் வீணாகும் பெட்டியும் முதல் கட்டத்தில் வீணாகும் தகடும் ஒரே மதிப்பு கொண்டவையாகக் கணக்கில் தெரியும். உண்மையில் பூச்சுவரை வந்து வீணாகும் பெட்டியோடு அதுவரை போட்ட உழைப்பு அனைத்தும் போகிறது.

மறுபணிதான் இந்த அமைப்பிலேயே மிகவும் கடினமான பகுதி. பூச்சில் குறை கண்ட பெட்டி பழைய பூச்சை நீக்கிவிட்டு மீண்டும் கழுவலுக்குப் போக வேண்டும். பதிவைப் பின்னோக்கி நகர்த்தி ‘கழுவல் இன்னும் முடியவில்லை’ என்று திருத்துவது பலர் செய்யும் வழி. அப்படிச் செய்தால் முதல் முறை செய்த வேலையின் நேரமும் செலவும் மறைந்துவிடும். நடந்த வேலையின் பதிவு ஒருபோதும் அழிக்கப்படக்கூடாது. அதற்குப் பதிலாக, மறுபணிக்கென்று ஒரு தனி வழித்தடத்தை, அதாவது கட்டங்களின் வரிசையை, உருவாக்கி, குறைபட்ட எண்ணிக்கையை மட்டும் மூல ஆணையிலிருந்து பிரித்து அந்த வழித்தடத்தில் ஒரு துணை ஆணையாக ஓட்டுங்கள். மூல ஆணையின் எண் அதில் குறிப்பாக நிற்கட்டும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்து, குறையை அதே இடத்தில் அதே ஆள் சில நிமிடங்களில் சரிசெய்துவிட முடியுமானால், தனி ஆணை தேவையில்லை. மறுபணி நேரம் என்று ஒரு வரி பதிவானால் போதும்.

குறைபாட்டுக் காரணங்களின் பட்டியலைச் சிறியதாக வையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஆறேழு காரணங்களுக்கு மேல் இருந்தால், அவசரத்தில் இருப்பவர் பட்டியலின் முதல் வரியையே தேர்ந்தெடுப்பார். ‘மற்றவை’ என்ற வரி இருக்கலாம், ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு சொற்களாவது எழுத வேண்டும் என்று அமையுங்கள். மாதம் ஒரு முறை அந்தச் சொற்களைப் படித்தால் அடுத்து எந்தக் காரணத்தைச் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூலப்பொருள் எந்தக் கட்டத்தில் கழிய வேண்டும்?

பொருள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் அது உண்மையில் பயன்படும் கட்டத்தோடு இணையுங்கள். தகடு வெட்டும் கட்டத்திலும், பூச்சுத்தூள் பூச்சுக் கட்டத்திலும், திருகும் கைப்பிடியும் பொருத்தும் கட்டத்திலும் கழிய வேண்டும். எல்லாவற்றையும் முதல் கட்டத்தோடு இணைத்துவிட்டால், கைப்பிடி வராத காரணத்தால் தகட்டை வெட்டக்கூட மென்பொருள் அனுமதிக்காது. திருகு, பூச்சுத்தூள் போன்றவற்றை முடிந்த எண்ணிக்கையின் அடிப்படையில் தானாகக் கழிக்கலாம். தகடு போன்ற செலவு மிகுந்த பொருளை ஸ்டோரிலிருந்து எண்ணிக் கொடுத்து, மீதியை எண்ணித் திரும்பப் பெறும் முறையே நம்பகமானது. தானாகக் கழியும் பொருட்களின் கணக்கு, அந்தக் கட்டத்தின் எண்ணிக்கைப் பதிவு சரியாக இருக்கும் அளவுக்குத்தான் சரியாக இருக்கும்.

வெளியாரிடம் போய் வரும் வேலை

பூச்சு வேலையை வெளி நிறுவனம் ஒன்று செய்து தருகிறது என்றால், அதையும் வழித்தடத்தில் ஒரு கட்டமாகவே வையுங்கள். உங்கள் பொருள் அங்கே இருந்தாலும் அது உங்கள் இருப்புதான். ஆகவே அந்த நிறுவனத்தின் பெயரில் ஓர் இருப்பிடம் உருவாக்கி, அனுப்பிய எண்ணிக்கையும் திரும்பிய எண்ணிக்கையும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். இந்தக் கட்டத்துக்கு இயந்திர நேரம் கிடையாது, நாட்கள் மட்டுமே உண்டு. கூலி துண்டுக்கோ எடைக்கோ கணக்கிடப்படும். ஒரே தவணையில் எல்லாம் திரும்பும் என்று எண்ணாதீர்கள். பகுதி பகுதியாகப் பெறும் வசதியை முன்கூட்டியே திறந்துவையுங்கள்.

திரையும் அனுமதியும்

பதிவு செய்பவர் கையுறையோடு நிற்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். ஜாப் கார்டில் அச்சிட்ட பார்கோடை ஸ்கேன் செய்தல், தொடங்கு, நிறுத்து, முடி ஆகிய பொத்தான்கள், மூன்று எண்ணிக்கைகள் என்ற அளவில் திரை முடிந்துவிட வேண்டும். முடிந்த பதிவைத் திருத்தும் உரிமை சூப்பர்வைசருக்கு மட்டும் இருக்கட்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் கேட்கப்படட்டும். வழித்தடத்தையே மாற்றும் உரிமை ஓரிருவருக்கு மேல் வேண்டாம்.

சோதனை ஓட்டமும் தொடக்கமும்

எல்லாப் பொருட்களையும் ஒரே நாளில் ஏற்றாமல், அதிகமான கட்டங்களைக் கடக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் சில ஆணைகளுக்கு ஓட்டிப் பாருங்கள். எளிய பொருளைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல்கள் வெளிவராது. ஓட்டும் நாட்களில், ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் ஒருவர் தளத்தில் நடந்து, ஒவ்வோர் எல்லையிலும் நிற்கும் பெட்டிகளைக் கையால் எண்ணி, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு வந்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த எல்லையில் வேறுபாடு வந்ததோ அந்த எல்லையின் வாக்கியத்தை எடுத்து, அதில் சொல்லப்பட்டபடி உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். இப்படிச் சில ஆணைகள் வேறுபாடின்றி முடிந்த பிறகு மற்ற பொருட்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்க்கலாம்.

முழுமையாக மாறும் நாளில் தளத்தில் பாதி வேலையில் நிற்கும் ஆணைகளை என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஓர் ஆணை ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும் தொழிலாக இருந்தால், பழைய ஆணைகளைப் பழைய முறையிலேயே முடித்துவிட்டு, புதியவற்றை மட்டும் மென்பொருளில் திறப்பதையே நான் பரிந்துரைப்பேன். மாதக்கணக்கில் நீளும் ஆணைகளுக்கு அது இயலாது; அவற்றுக்கு ஒரு நாள் உற்பத்தியை நிறுத்தி, எல்லைவாரியாக எண்ணி, முடிந்த கட்டங்களை முடிந்ததாகக் குறித்து ஏற்ற வேண்டும்.

அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகும் கட்டங்கள் மாறும். புதிய இயந்திரம் வரும், இரண்டு வேலைகள் ஒன்றாகும். ஓடிக்கொண்டிருக்கும் ஆணைகளின் வழித்தடத்தில் நேரடியாகக் கைவைக்காமல், வழித்தடத்தின் புதிய பதிப்பை உருவாக்கி, எந்தத் தேதிக்குப் பிறகு திறக்கும் ஆணைகளுக்கு அது பொருந்தும் என்று குறியுங்கள். பழைய ஆணைகள் பழைய பதிப்பிலேயே முடியட்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு கட்டத்தின் பதிவையும் எடுத்து, அதைக் கொண்டு யார் என்ன முடிவெடுத்தார் என்று கேளுங்கள். ஒருவரும் பயன்படுத்தாத கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடலாம். ஆனால் அதன் குறியீட்டை நீக்காமல் செயலற்றதாக மட்டும் மாற்றுங்கள், ஏனெனில் முடிந்துபோன ஆணைகளின் நேரமும் செலவும் அந்தக் குறியீட்டின் கீழ்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன.